விக்கிக்குள்ள ஒரு ஆப்: நம்ம கோட் எங்கே, மத்தவங்க தரவு எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கொஞ்சம் மட்டும் சீர் செய்திருக்கிறோம்.)

பஸ்ஸிலயோ மெட்ரோவிலயோ கேட்டுட்டு இருந்தா, உட்கார இடம் கிடைச்சிருக்கும்னு நம்புறேன். இன்னைக்கு கொஞ்சம் பொறுமையா கேட்க வேண்டிய விஷயம்.

போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கை வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, எங்க ஆபீஸ்ல எக்ஸ்விக்கி யூஸ் பண்றோம். அலமாரில இருக்கிற புத்தகத்தை யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு குறிச்சு வைக்க, விக்கிக்குள்ளேயே ஒரு சின்ன ஆப் கட்டினேன். நல்லா ஓடுது. ஆனா இப்ப அறுபது எழுபது பக்கம் ஆயிடுச்சு. எது நான் எழுதினது, எது மத்தவங்க போட்டதுன்னே தெரியல. எதையாவது அழிக்கவே பயமா இருக்கு. எப்படி ஒழுங்குபடுத்துறது?"

அந்த "அழிக்கவே பயமா இருக்கு"ங்கிற வரி எனக்கு ரொம்பப் பரிச்சயம். ஏன்னா, பயப்படாம ஒரு தடவை நான் செஞ்சு பார்த்திருக்கேன்.

முதல்ல என் கதை

வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்க அலுவலகத்திலும் எக்ஸ்விக்கிதான். எந்த லேப்டாப் யார்கிட்ட இருக்கு, சார்ஜர் திரும்ப வந்துச்சா, திரையில் கீறல் இருக்கா என்றெல்லாம் குறித்து வைக்கும் ஒரு ஆப் அதுக்குள்ள இருந்தது. அதைப் பார்த்துக்கிட்டது அட்மின் பிரிவில் இருந்த ஒரு அக்கா. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு பக்கம். யாராவது வாங்கினாலும் திருப்பிக் கொடுத்தாலும் அன்னைக்கே உட்கார்ந்து குறிப்பு எழுதிடுவாங்க.

அந்த ஆப்பில் ஒரு புது வசதி சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. ஒழுங்கான பையன் மாதிரி, நேரடி விக்கியில் கை வைக்காம, ஒரு சோதனை விக்கியில் மொத்தத்தையும் நகல் எடுத்து வேலை பார்த்தேன். இரண்டு வாரம். முடிஞ்சதும் அந்த ஆப்பின் பக்கங்கள் எல்லாத்தையும் ஒரே ஸார் ஃபைலா ஏற்றுமதி செஞ்சு, நேரடி விக்கியில் இறக்குமதி செஞ்சேன்.

தப்பு எங்கே நடந்ததுன்னு இந்நேரம் சிலர் கண்டுபிடிச்சிருப்பீங்க. அந்த ஆப்பில் நிரல் பக்கங்களும் லேப்டாப் பக்கங்களும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. நான் ஏற்றுமதி செஞ்சது என் கோடை மட்டும் இல்ல; இரண்டு வாரத்துக்கு முந்தைய லேப்டாப் பக்கங்களையும் சேர்த்து. அவை போய் நேரடி விக்கியின் இன்றைய பக்கங்கள் மேல உட்கார்ந்துடுச்சு.

எக்ஸ்விக்கியில் இறக்குமதி செய்யும்போது வரலாற்றை என்ன செய்யணும்னு ஒரு கேள்வி வரும். இருக்கிற பக்கத்தில் புதுப் பதிப்பாகச் சேர்க்கலாம். பொதியில் உள்ள வரலாற்றால் பழைய வரலாற்றையே மாற்றிவிடலாம். அல்லது வரலாற்றை முதல் பதிப்பிலிருந்து தொடங்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதனால பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் போச்சு.

முந்தின நாள் இரவு எடுத்த பேக்கப் இருந்ததால தப்பிச்சோம். ஆனாலும் அன்னைக்குக் காலையில் அக்கா எழுதியது எல்லாம் காலி. அவங்க திட்டல. ஒரு பேப்பர் நோட்டை எடுத்தாங்க, மறுபடி டைப் பண்ண ஆரம்பிச்சாங்க. "தம்பி, உன் புரோகிராம் போனா நீ திரும்ப எழுதிடுவ. இது போனா நான் யார்கிட்டப் போய்க் கேட்கிறது?"ன்னு மட்டும் சொன்னாங்க.

இன்னைக்கு எபிசோட் மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

விக்கியில் மட்டும் ஏன் இந்தக் குழப்பம்?

சாதாரண வெப் ஆப் எழுதும்போது இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட வராது. கோட் கிட்டில் இருக்கும். பயனர் தரவு டேட்டாபேஸில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர், நாம கேட்காமலேயே எழும்பி நிற்கும். டிப்ளாய் பண்ணினா கோட் மட்டும் மாறும். டேபிளில் இருக்கிற வரிகளுக்கு ஒண்ணும் ஆகாது.

விக்கியின் அடிப்படை எண்ணமே வேற. வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியைத் தொடங்கினப்போ அதில் இருந்தது பக்கங்களும், அவற்றை இணைக்கும் சுட்டிகளும், எல்லாரும் திருத்தலாம்ங்கிற சுதந்திரமும்தான். பின்னால் வந்தவங்க, "பக்கத்துக்குள்ளேயே நிரல் எழுதினா என்ன?"ன்னு யோசிச்சாங்க. லுடோவிக் டுபோஸ்ட் 2003-இல் எழுதத் தொடங்கிய எக்ஸ்விக்கி அந்த வழியில் ரொம்ப தூரம் போனது.

அங்கே எல்லாமே பக்கம்தான். ஒரு புத்தகத்தைப் பற்றிய பதிவு ஒரு பக்கம். அந்தப் பதிவில் என்னென்ன புலங்கள் இருக்கணும்னு சொல்வதும் ஒரு பக்கம். அதுக்குப் பேர் கிளாஸ். பதிவைத் திரையில் எப்படிக் காட்டணும்னு சொல்வதும் ஒரு பக்கம், அது ஷீட். புதுப் பதிவு தொடங்கும்போது எதை நகலெடுக்கணும்னு சொல்வது டெம்ப்ளேட். பொத்தான்களில் வரும் சொற்களின் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பக்கம்.

டெவலப்பருக்கு இது சொர்க்கம். சர்வருக்குள்ள போக வேண்டாம், டிப்ளாய் வேண்டாம்; பிரவுசரிலேயே "திருத்து" அழுத்தி ஆப் கட்டலாம். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. கோடும் தரவும் ஒரே டேட்டாபேஸில், ஒரே மாதிரிப் பக்கங்களா, ஒரே தேடலில் வரும். நடுவில் சுவர் கிடையாது. சுவரை நாமதான் கட்டணும். கையில் இருக்கிற செங்கல் மூணு: பக்கத்தின் பெயர், பக்கத்தின் இடம், அனுமதி.

மூணு கேள்வி கேளுங்க

ஒரு பக்கம் கோடா தரவான்னு எப்படி முடிவு செய்றது? "நிரல் வரிகள் இருந்தா கோட்"னு சொன்னா போதாது. மொழிபெயர்ப்புப் பக்கத்தில் நிரலே இருக்காது. ஆனா அது கோட் பக்கம்தான். நான் கேட்கிற மூணு கேள்வி இவை.

ஒண்ணு: இதை யார் மாத்துவாங்க? ஆப்பை எழுதினவரா, பயன்படுத்துறவரா?

ரெண்டு: புதுப் பதிப்பு வரும்போது இது மாறணுமா, அப்படியே இருக்கணுமா?

மூணு: இது அழிஞ்சா எங்கிருந்து திரும்ப வரும்? என் கிட்டிலிருந்தா, இல்ல ஒரு மனுஷரோட நினைவிலிருந்தா?

மூணுக்கும் "டெவலப்பர், மாறணும், கிட்"னு பதில் வந்தா அது கோட். "பயனர், அப்படியே இருக்கணும், மனுஷர்"னு வந்தா அது தரவு. அக்கா கேட்டது மூணாவது கேள்வி.

பதில் கலந்து வரும் பக்கங்களும் உண்டு. அவைதான் தொல்லை பிடிச்சவை. அதுக்குப் பிறகு வர்றேன்.

புத்தக அலமாரி ஆப்பைப் பிரிச்சு வைப்போம்

நம்ம தங்கையின் ஆப்பையே எடுத்துக்குவோம். மேலே "புத்தக அலமாரி"ன்னு ஒரு முகப்புப் பக்கம். எக்ஸ்விக்கியில் பக்கத்துக்குக் கீழே பக்கம், அதுக்குக் கீழே இன்னொரு பக்கம்னு அடுக்கலாம். அதனால முகப்புக்குக் கீழே மூணு கிளை வைப்போம்.

முதல் கிளை "கோட்". இதுக்குள்ள கிளாஸ், ஷீட், டெம்ப்ளேட், மொழிபெயர்ப்பு எல்லாம் போகும். எக்ஸ்விக்கியில் நிரல் எழுதாமலே ஆப் உருவாக்கும் வசதி ஒண்ணு இருக்கு, "ஆப் விதின் மினிட்ஸ்". அதுவும் தான் உருவாக்குற தொழில்நுட்பப் பக்கங்களை இப்படி ஒரு கோட் கிளைக்குள்தான் வைக்கும். அந்த வழக்கத்தையே பின்பற்றுங்க. அடுத்து வர்ற டெவலப்பர் தேடி அலைய மாட்டார்.

இரண்டாவது கிளை "தரவு". ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம், இதுக்குக் கீழே.

மூணாவது கிளை "அமைப்புகள்". எத்தனை நாள் புத்தகத்தை வச்சிருக்கலாம், தாமதமானா யாருக்கு மெயில் போகணும் போன்றவை.

இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். "எல்லாப் புத்தகமும் கண்டிப்பா தரவு கிளைக்குள்ளதான் இருக்கணுமா? டிசைன் டீம் தங்களோட புத்தகங்களை அவங்க டீம் பக்கத்துக்குக் கீழே வைக்க நினைச்சா?"

தாராளமா வைக்கலாம். எக்ஸ்விக்கியில் ஒரு பக்கம் புத்தகமா இல்லையான்னு முடிவு செய்வது அது இருக்கும் இடம் இல்ல. அதில் புத்தகக் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒட்டியிருக்கான்னுதான் பார்க்கும். பட்டியல் போடும் வினவலும் அதைத்தான் தேடும். அதனால தரவு எங்க வேணும்னாலும் இருக்கலாம், ஒரே ஒரு இடத்தைத் தவிர: கோட் கிளைக்குள்ள மட்டும் கூடாது. நான் அன்னைக்கு மீறினது இந்த விதியைத்தான்.

இங்கே ஒரு சின்னக் குழியும் இருக்கு. டெம்ப்ளேட் பக்கத்திலும் அதே கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒண்ணு இருக்கும். நகலெடுக்க அது வேணுமே. அதனால நீங்களே வினவல் எழுதினா, பட்டியலில் ஒரு வெற்று வரி பேய் மாதிரி வந்து நிற்கும். பெயரில்லாத புத்தகம். யாராவது "ஏதோ குப்பை"ன்னு அழிச்சா, அடுத்த நிமிஷத்திலிருந்து புதுப் பதிவே ஒழுங்கா உருவாகாது. வினவலில் டெம்ப்ளேட் பக்கத்தை மறக்காம விலக்குங்க.

கூடவே, கோட் பக்கங்களை மறைந்த பக்கங்களா குறிச்சு வைங்க. சாதாரணப் பயனரின் தேடலிலும் பக்க மரத்திலும் அவை தெரியாது. தேவைப்படுறவர் தன் விருப்பங்களில் "மறைந்த பக்கங்களைக் காட்டு"ன்னு மாத்திக்கலாம். ஆனா ஞாபகம் வைங்க, மறைப்பது என்பது பூட்டுவது இல்ல. முகவரி தெரிஞ்சவர் உள்ளே வரலாம்.

பூட்டு எங்கே போடணும்?

இடம் பிரிச்சதோட பெரிய லாபம் இங்கேதான். கோட் கிளையின் தலைப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை "திருத்தும் அனுமதி டெவலப்பர்களுக்கு மட்டும்"னு வச்சா, கீழே இருக்கிற எல்லாப் பக்கத்துக்கும் அது இறங்கும். தரவு கிளையில் அலுவலகம் முழுக்கத் திருத்தலாம்னு வைங்க. கலந்து கிடந்தா, அறுபது பக்கத்துக்கும் தனித்தனியா உட்கார்ந்து அனுமதி வைக்கணும்; அறுபத்தி ஒண்ணாவது பக்கத்தை மறப்போம்.

இதில் எக்ஸ்விக்கிக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கு. ஒரு பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட், அதைப் பார்ப்பவரின் அனுமதியில் ஓடாது; அந்தப் பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கடைசியாச் சேமித்தவரின் அனுமதியில் ஓடும். அதனால ஸ்கிரிப்ட் அனுமதி இல்லாத ஒரு நண்பர் ஷீட் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமிச்சாலே, ஆப் படுத்துடும். அவர் நல்லதுதான் செஞ்சார். கதவைத் திறந்து வச்சது நாம.

இதைவிட ஆபத்தானது எதிர்த்திசை: தரவு, கோடா மாறுவது. உங்க ஷீட்டை ஒரு அட்மின் சேமிச்சிருக்கார்னு வைங்க. அந்த ஷீட், பயனர் "புத்தகத்தின் பெயர்" புலத்தில் போட்ட எழுத்தை அப்படியே விக்கி நிரலா எடுத்து ஓட்டுதுன்னா, யாரோ ஒருத்தர் புத்தகப் பெயருக்குப் பதிலா ஸ்கிரிப்ட் எழுதலாம். அது அட்மினின் அனுமதியில் ஓடும். மொத்த விக்கியும் அவர் கையில். இது கற்பனை இல்ல. எக்ஸ்விக்கியின் சொந்தப் பாதுகாப்பு அறிவிப்புகளிலேயே இந்த வகைக் குறைகள் பலமுறை வெளியாகி, திருத்தப்பட்டிருக்கு. அதனால பயனர் எழுதியதைக் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் எஸ்கேப் பண்ணுங்க. பக்கங்களைப் பிரிச்சு வச்சாச்சுன்னு ஓய்ந்து விடாதீங்க. திரையில் காட்டும் அந்த ஒரு வரியிலும் பிரிக்கணும்.

விக்கிப்பீடியா இதை எப்படிச் செய்யுது?

எக்ஸ்விக்கி பார்க்காதவங்களுக்கு ஒரு தெரிஞ்ச உதாரணம். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியிலும் எல்லாம் பக்கம்தான். ஆனா அங்கே சுவர் பெயரிலேயே இருக்கு. தமிழ் விக்கிப்பீடியாவில் "வார்ப்புரு:", "பயனர்:", "மீடியாவிக்கி:"னு முன்னொட்டு பார்த்திருப்பீங்க. அவை பெயர்வெளிகள். உள்ளுக்குள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: கட்டுரைகளுக்கு 0, பயனர் பக்கங்களுக்கு 2, மீடியாவிக்கிக்கு 8, வார்ப்புருக்களுக்கு 10, லுவா மொழியில் எழுதும் நிரல் தொகுதிகளுக்கு 828. முன்னொட்டைப் பார்த்தாலே இது மக்கள் எழுதும் கட்டுரையா, கட்டுரையை உருவாக்கும் கருவியான்னு தெரிஞ்சிடும்.

அங்கேயும் பூட்டு ஒரே நாளில் வரல. தளம் முழுக்க எல்லாருடைய பிரவுசரிலும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கங்களை ஒரு காலத்தில் எல்லா நிர்வாகிகளும் திருத்த முடிந்தது. 2018-இல் அதுக்காகவே "இடைமுக நிர்வாகி"ன்னு தனி அனுமதிக் குழு ஒண்ணை உருவாக்கினாங்க. கட்டுரையைப் பாதுகாப்பதற்கு வேண்டிய நம்பிக்கை வேற, எல்லாருடைய பிரவுசரிலும் நிரல் ஓட்டுவதற்கு வேண்டிய நம்பிக்கை வேற.

தரவிலும் ஒரு பாடம் இருக்கு. ஒரே கட்டுரை எந்தெந்த மொழியில் இருக்குங்கிற சுட்டிகள் முன்பு ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எழுத்தாகவே கிடக்கும். ஒரு மொழியில் தலைப்பு மாறினா, மற்ற எல்லா மொழியிலும் போய்த் திருத்தணும். 2012-இல் விக்கித்தரவு தொடங்கிய பிறகு, அந்தச் சுட்டிகள் அங்கே ஒரே இடத்துக்குப் போயின. பக்கத்துக்குள் கரைந்து கிடந்த தரவைத் தனியே எடுத்தாங்க. பராமரிப்பு வேலை பாதியா குறைஞ்சதுன்னு எல்லாம் எண்ணிக்கை சொல்ல மாட்டேன், ஆனா ஒரே திருத்தத்தை மொழி மொழியா போய்ச் செய்ய வேண்டிய நிலை போச்சு.

ரெண்டுங்கெட்டான் பக்கங்கள்

சரி, கலந்து பதில் வரும் பக்கங்களுக்கு வருவோம். இரண்டு இருக்கு.

முதலாவது அமைப்புகள் பக்கம். "எத்தனை நாள்"ங்கிற புலத்தை உருவாக்குவது டெவலப்பர். அதில் 14 என்று போடுவது அலுவலகம். புதுப் பதிப்பு போடும்போது நீங்க உங்க 7-ஐக் கொண்டு போய் அதன் மேல எழுதினா, யாருக்கும் புரியாம அபராத மெயில் பறக்கும். வழி என்னன்னா, இயல்பு மதிப்பை கோட் கிளையில் வைங்க. அலுவலகம் மாத்தினதை அமைப்புகள் கிளையில் தனிப் பக்கத்தில் வைங்க. ஆப் முதல்ல அமைப்புகளைப் பார்க்கட்டும். அங்கே எதுவும் இல்லைன்னா மட்டும் இயல்பு மதிப்புக்கு வரட்டும். அப்புறம் அமைப்புகள் பக்கத்தைப் பொதியில் சேர்க்கவே வேண்டாம்.

இரண்டாவது முகப்புப் பக்கம். அட்டவணையைக் காட்டும் நிரல் உங்களுடையது. அதுக்கு மேலே "புத்தகத்தில் காபி கொட்டாதீங்க"ன்னு எழுதினது ஆபீஸ் மேனேஜர். அடுத்த பதிப்பில் அந்த வரி மறைஞ்சா அவர் கோபம் நியாயமானது. அட்டவணை நிரலை கோட் கிளையில் ஒரு பக்கத்துக்கு நகர்த்திட்டு, முகப்பில் அதை அழைக்கும் ஒரே வரியை மட்டும் விடுங்க. அதைச் சுத்தி மக்கள் என்ன வேணும்னாலும் எழுதிக்கட்டும். முகப்பு அவங்களுடையது, இயந்திரம் உங்களுடையது.

நீட்சியா பொதி செஞ்சு நிறுவினா, எக்ஸ்விக்கி இதில் கொஞ்சம் உதவும். மேம்படுத்தும்போது பழைய பதிப்பு, புதுப் பதிப்பு, இப்ப விக்கியில் இருப்பது ஆகிய மூணையும் ஒப்பிட்டு இணைக்கப் பார்க்கும். முடியாதபோது உங்களைக் கேட்கும். ஆனா மோதலே வராத மாதிரி பக்கங்களைப் பிரிச்சு வைப்பது, மோதலைத் தீர்ப்பதைவிட எப்பவும் சுலபம்.

ஏற்கெனவே கலந்து கிடந்தா?

இதுதான் தங்கையின் நிலைமை. அதனால வரிசையா சொல்றேன்.

முதல் வேலை பேக்கப். டேட்டாபேஸ் மொத்தமும். எடுத்தாச்சுன்னு மட்டும் பார்க்காம, சோதனை விக்கியில் ஒரு தடவை மீட்டும் பாருங்க. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி இறங்காதீங்க.

இரண்டாவது, புத்தகக் கிளாஸின் ஆப்ஜெக்ட் எந்தெந்தப் பக்கத்தில் இருக்குன்னு ஒரு வினவல் போட்டுப் பட்டியல் எடுங்க. டெம்ப்ளேட்டைத் தவிர அது எல்லாம் தரவு. அறுபது எழுபது பக்கக் குழப்பம் பத்து நிமிஷத்தில் இரண்டு பட்டியலாகிடும்.

மூணாவது, ரொம்ப முக்கியம்: தரவுப் பக்கங்களை நகர்த்துங்க, கிளாஸ் பக்கத்தை நகர்த்தாதீங்க. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் கிளாஸை அதன் முழுப் பெயரால்தான் ஞாபகம் வச்சிருக்கு. கிளாஸ் பக்கத்தின் முகவரி மாறினா, மதிப்புகள் எல்லாம் டேட்டாபேஸில் பத்திரமா கிடந்தாலும் அவற்றை எப்படிக் காட்டுவதுன்னு விக்கிக்குத் தெரியாம போகலாம். வீடு இருக்கு, முகவரி இல்லை. அதனால பழைய இடம் கொஞ்சம் அசிங்கமா இருந்தாலும் அதையே "கோட் இடம்"னு வச்சுக்கிட்டு, புத்தகப் பக்கங்களை வெளியே கொண்டு போங்க. பக்கத்தை நகர்த்தும்போது வரலாறும் கூடவே போகும். மற்ற பக்கங்களில் உள்ள சுட்டிகளையும் மாத்தச் சொல்லலாம்.

நாலாவது, புதுப் பதிவு எங்கே உருவாகணும்ங்கிற அமைப்பை மாத்துங்க. இல்லைன்னா நாளைக்குக் காலையில் ஒருத்தர் சேர்க்கும் புத்தகம் மறுபடி பழைய இடத்தில் போய் உட்காரும்.

அஞ்சாவது, அனுமதிகள். கோட் பூட்டு, தரவு திறப்பு.

ஆறாவது, நான் "காலி விக்கி சோதனை"ன்னு சொல்றது. கோட் கிளையை மட்டும் ஏற்றுமதி செஞ்சு, ஒண்ணுமே இல்லாத ஒரு விக்கியில் இறக்குங்க. ஒரு புத்தகம்கூட இல்லாம ஆப் திறக்குதா? புதுசா ஒண்ணு சேர்க்க முடியுதா? முடிஞ்சா, சுவர் சரியா எழும்பியிருக்கு. யாரோ ஒருத்தர் எப்போதோ எடுத்த புத்தகத்தின் பெயர் அந்தக் காலி விக்கியில் எட்டிப் பார்த்தா, எங்கேயோ ஓட்டை இருக்கு. அன்னைக்கு இந்தச் சோதனையை நான் செஞ்சிருந்தா, அக்காவின் லேப்டாப் பக்கங்கள் அங்கேயே என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. பிரிச்சு வச்சாலும் கோடும் தரவும் ஒண்ணை ஒண்ணு நம்பித்தான் வாழுது. கிளாஸில் புதுசா ஒரு புலம் சேர்ப்பது பயமில்லாத வேலை. பழைய பக்கங்களில் அது காலியா இருக்கும், அவ்வளவுதான். ஆனா ஒரு புலத்தின் பெயரை மாத்துறது கவனமா செய்ய வேண்டிய வேலை. பழைய மதிப்புகள் புதுப் பெயருக்கு வந்திருக்கான்னு கண்டிப்பா பார்க்கணும். எழுத்துப் புலத்தை எண் புலமா மாத்துறதும் அதே கதை. அந்த மாதிரி மாற்றத்துக்கு முன்னாடி, பழைய மதிப்பைப் புது இடத்துக்குக் கொண்டு போகும் ஒரு ஸ்கிரிப்டை எழுதி, சோதனை விக்கியில் ஓட்டிப் பாருங்க.

கடைசியா

தங்கைக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இருந்த பயம் சரியான பயம். எதை அழிச்சா யாருடைய உழைப்பு போகும்னு தெரியாத இடத்தில் கை நடுங்கணும். பிரிச்சு வச்ச பிறகு கோட் கிளைக்குள்ள தைரியமா விளையாடுங்க. உடைஞ்சா கிட்டில் இருந்து திரும்ப எடுத்துக்கலாம். தரவு கிளையில் மட்டும் அந்தப் பயம் அப்படியே இருக்கட்டும்.

அந்த லேப்டாப் ஆப்பை நான் அடுத்த மாசமே பிரிச்சு எழுதினேன். முடிச்சதும் அக்காவைக் கூப்பிட்டு, அவங்க கண் முன்னாடியே கோடை மொத்தமா மறுபடி இறக்குமதி செஞ்சு காட்டினேன். அவங்க ஒரு லேப்டாப் பக்கத்தைத் திறந்து, அன்னைக்குக் காலையில் எழுதின குறிப்பு இருக்கான்னு பார்த்தாங்க. இருந்தது. "சரி தம்பி"ன்னு சொன்னாங்க. ஆனா அந்தப் பேப்பர் நோட்டை மட்டும் டிராயருக்குள்ள பூட்டிட்டுத்தான் போனாங்க.

உங்க ஆபீஸ் விக்கியில் ஒரு ஆப் இருந்தா, இந்த வாரம் அந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. எங்கே மாட்டினீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரைக்கும், பேக்கப் எடுங்க, எடுத்ததை மீட்டுப் பாருங்க. வணக்கம்!